கூனியா, வெள்ளை இறால் குஞ்சா, மைசிட்டா? காலை எண்ணினால் பிடிபடும்

மட்டக்களப்பு வாவியில் அத்தாங்கு போட்டு அள்ளிய ஒரு பிடி "கூனி"யைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். உள்ளே கூனி மட்டும்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. வெள்ளை இறால் குஞ்சும் இருக்கலாம், இறால் போலத் தோன்றினாலும் இறாலே அல்லாத மைசிட் என்ற சிறு பிராணியும் இருக்கலாம். சம்பல் இடிப்பவருக்கு இது ஒரு பொருட்டல்ல. உயர்தர உயிரியல் செய்முறைக்கு மாதிரி எடுப்பவருக்கும், சிறுகண் வலையில் எவ்வளவு குஞ்சு அழிகிறது என்று பார்க்க நினைப்பவருக்கும் இதுதான் முக்கியம்.

அளவை நம்பிப் பிரிக்கத் தொடங்கினால் முதல் அடியிலேயே சறுக்கும். 2.5 சென்ரிமீற்றர் கூனி வளர்ந்து முடிந்த பிராணி. அதே நீள வெள்ளை இறால் சின்னக் குஞ்சு; கடலில் பிறந்து, முகத்துவாரம் வழியாக வாவிக்குள் வந்து, வளர்ந்தபின் முட்டையிடத் திரும்பவும் கடலுக்குப் போக வேண்டியது.

தேவையானவை 10 மடங்கு பெருக்கும் கைவில்லை, இரண்டு ஊசி, கறுப்பு நிறப் பிளாஸ்டிக் மூடி ஒன்று. இவை கண்ணாடி போன்ற உடம்புக்காரர்கள். வெள்ளைத் தட்டில் கால் தெரியாது. மூடியில் சிறிது வாவி நீர் விட்டு, பிராணியைப் பக்கவாட்டில் சரித்து வையுங்கள்.

இனிக் கால். நூலில் "கூனிக்கு மூன்று சோடி நடைக்கால், இறாலுக்கு ஐந்து" என்று இருக்கும். அதை மனதில் வைத்து எண்ணினால் கூனியில் நான்கு சோடி வரும், குழம்பிப்போவீர்கள். காரணம், வாய்க்கு உதவும் உறுப்புகளில் கடைசிச் சோடி நீண்டு, பார்வைக்குக் கால் போலவே தொங்கும். ஆகவே அதையும் சேர்த்தே எண்ணுங்கள்: நான்கு சோடி வந்தால் கூனி, ஆறு வந்தால் இறால் குஞ்சு. கூனியில் கடைசி நடைக்காலுக்கும் முதல் நீந்தற்காலுக்கும் நடுவே வெறுமையாக ஓர் இடைவெளி தெரியும்; நாலாம், ஐந்தாம் நடைக்கால்கள் இருக்க வேண்டிய இடம் அது. இடுக்கியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டுக்குமே முதல் மூன்று சோடி நடைக்காலின் நுனியில் இடுக்கி உண்டு; கூனியின் இடுக்கி அவ்வளவு நுண்ணியது, கைவில்லைக்கு எளிதில் அகப்படாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வலையில் நசுங்கிய இறால் குஞ்சு பின்கால்களை இழந்து கூனி போலவே கிடக்கும். ஒன்றைப் பார்த்து முடிவெடுக்காமல் 20 எடுத்துப் பாருங்கள். உடைந்த கால் ஒன்றில் இடப்பக்கம் போயிருக்கும், இன்னொன்றில் வலப்பக்கம். இருபதிலும் இரண்டு பக்கத்துப் பின்கால்களும் ஒரேமாதிரிக் காணாமல் இருந்தால் அது கூனிதான். காய்ந்த கூனியில் இந்த வேலை சரிவராது. கால் பாதி பொடியாகப் போயிருக்கும்.

வகைப்பாட்டில் கூனியும் வெள்ளை இறாலும் ஒரே வருணம் (குடும்பத்துக்கு மேலுள்ள பெரும் பிரிவு), டெக்காப்போடா. பெயரின் பொருள் பத்துக்கால். ஆறே நடைக்கால் உள்ள கூனியும் அதற்குள்தான்! கிளைவிட்ட பூக்களும் (நீரில் மூச்சுவிட உதவும் செவுள்கள்), முட்டையைச் சுமக்காமல் நீரில் விட்டுவிடும் வழக்கமும் இரண்டையும் டென்ட்ரோபிராங்கியாட்டா என்ற உபவருணத்தில் சேர்க்கின்றன. அங்கிருந்து பாதை பிரிகிறது: கூனி, அதாவது அசெட்டஸ் சாதி, செர்ஜெஸ்டிடே குடும்பம், வெள்ளை இறால் பீனியிடே குடும்பம். 1830இல் அசெட்டஸுக்கும் 1837இல் வெள்ளை இறாலான பீனியஸ் இண்டிகஸுக்கும் பெயர் வைத்தவர் ஒருவரே, ஹென்றி மில்ன் எட்வர்ட்ஸ். பின்னது 1997இல் ஃபெனரோபீனியஸ் என்ற தனிச் சாதிக்குப் போனது. 2011இல் மரபணுச் சான்றை வைத்துப் பழைய சாதிக்கே திருப்பினார்கள். இரண்டு பெயரும் புழக்கத்தில் இருப்பதால் லேபலில் எதை எழுதினாலும் பிழையில்லை.

மைசிட் வேறு வருணம், மைசிடா. இறாலைவிட மணற்பூச்சி வகையான அம்பிபொட்டுகளுக்கே கிட்டிய சொந்தம். வால் விசிறியின் உள்மடலில் கண்ணாடி மணி போல ஓர் உருண்டை மின்னினால் அது மைசிட். சமநிலை உறுப்பு அது. மேலிருந்து பார்த்தால் முதுகை மூடும் ஓடு பின்பக்கம் முழுதாக மூடாமல் நெஞ்சுத் துண்டங்கள் சில வெளியே தெரியும். பெண்ணின் நெஞ்சடியில் குஞ்சு சுமக்கும் பை உண்டு. வெள்ளை இறாலின் இளநிலை ஒன்றுக்கும் மைசிஸ் என்றுதான் பெயர் என்பது மாணவரைப் படுத்தும் இன்னொரு தொல்லை. 6 நோப்பிளியஸ், 3 புரோட்டோசோயா முடிந்து வரும் 3 மைசிஸ் பருவங்களும் கடலில் நடப்பவை. அந்தக் குஞ்சின் வாலில் உருண்டை இராது.

வயிற்றடியில் முட்டைக் கொத்தோடு ஒன்று கிடந்தால் மூன்றுமே அல்ல. கரிடியா வகை இறால். வயிற்றின் இரண்டாம் துண்டத்தின் பக்க ஓடு முன்னதையும் பின்னதையும் மூடியிருக்கும். ஆறு விழும் மேற்பக்கத்தில் எடுத்த மாதிரியில் இதையும் தேடுங்கள்.

குஞ்சு எந்த இறாலுடையது என்று கேட்டால் நெற்றிமுள்ளைப் பார்ப்பார்கள்: அடிப்பக்கமும் பல் இருந்தால் பீனியஸ், மேலே மட்டும் என்றால் அதே குடும்பத்தின் இன்னொரு சாதியான மெற்றாபீனியஸ். பெரிய இறாலில் இது நல்ல அடையாளம். ஒரு சென்ரிமீற்றர் குஞ்சில் அடிப்பல் இன்னும் முளைத்திராது, அதனால் வெள்ளை இறாலையே மெற்றாபீனியஸ் என்று எழுதிவிடுவீர்கள். அந்த அளவில் "பீனியிடே" என்று எழுதி நிறுத்துவதே நேர்மை.

அசெட்டஸ் இனங்கள் பலவற்றில் வாலடியில் சிவப்புப் புள்ளி உண்டு. உயிரோடு இருக்கையில் பார்த்துக் குறித்துவிடுங்கள், மதுசாரத்தில் போட்டால் அது மறைந்துபோகும். 70 வீத எதனோல் போதும். போத்தலில் பிராணியைவிடத் திரவம் பல மடங்கு இருக்க வேண்டும். திணித்து அடைத்தால் உடம்பு நீர் கலந்து செறிவு குறையும், ஒரு கிழமைக்குள் நாறும். பென்சிலால் எழுதிய துண்டைப் போத்தலுக்கு உள்ளேயே போடுங்கள்; பேனை மை கரையும்.