ரயரின் ஓரத்தில் இருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

மூன்று வாரங்களுக்கு முன் குளக்கட்டில் போய்க்கொண்டிருந்தபோது என் சைக்கிளின் முன் ரயர் றிம்மை விட்டுக் கழன்றது. இடது மணிக்கட்டில் இன்னும் கட்டு இருக்கிறது. ரயர் தேய்ந்து வெடித்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அது எட்டே நாள் ஓடிய புது ரயர். என் றிம்முக்குப் பொருந்தாது என்று தெரிந்துகொண்டே கடையில் மாட்டி அனுப்பினார்கள். வன்னியில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளைகளைக் கரியரில் ஏற்றிப் போகிறவர்களும் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

ஒட்டுசுட்டானுக்கு உட்புறமாக ஒரு பள்ளிக்கூடத்தில் கற்பிக்கிறேன். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துச் சைக்கிளுக்கு மாறியவன், பிறகு விடவில்லை. மாங்குளம் – முல்லைத்தீவு ஏ34 வீதியில் ஏழு கிலோமீற்றர் காப்பெற் போட்ட தார் வீதி, பிறகு ஐந்து கிலோமீற்றர் கிரவல், கடைசி இரண்டு கிலோமீற்றர் குளக்கட்டும் வயலோர மண் பாதையும். மூன்றுக்கும் ஒரே ரயர் வேண்டும். சைக்கிளோடு வந்தது 28 மில்லிமீற்றர் அகலமான மெல்லிய ரயர். காப்பெற்றில் நன்றாக ஓடும். கிரவலில் இறங்கினால் கல்லுக்கும் றிம்முக்கும் இடையில் ரியூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். மாதத்தில் நான்கைந்து தடவை ஒட்டுப் போட்டிருக்கிறேன்.

அதனால் ஏ9 வீதியோரம் இருக்கும் ஒரு கடைக்குப் போனேன். பெயரை எழுதவில்லை. 40 மில்லிமீற்றர் அகலம், நடுவில் நெருக்கமான சிறு வரிகள், ஓரங்களில் மட்டும் புடைப்புகள் உள்ள ரயர் இரண்டு வேண்டும் என்று தெளிவாகக் கேட்டேன். இந்தக் கேள்வி சரியானதுதான் என்று இப்போதும் சொல்வேன். முழுவதும் பெரிய கட்டை கட்டையாகப் புடைத்த ரயர் சேற்றுக்கு நல்லது. காப்பெற்றில் அது இரைந்துகொண்டு காலை இழுக்கும், நடுப்பகுதி விரைவில் தேய்ந்தும் போகும். நடு நெருக்கமாக இருந்தால் தார் வீதியில் இலகுவாக உருளும். கிரவலில் திரும்பும்போது ஓரப் புடைப்பு மண்ணைப் பிடிக்கும். அகலம் 35 முதல் 42 வரை இருந்தால் நம் வீதிகளுக்குப் போதும். அதற்கு மேல் போனால், சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்குக்கும் மட்காட்டுக்கும் உள்ளே ரயருக்கு இடம் இருக்காது. மாரி மழையில் செம்மண் அப்பிச் சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும்.

முதலாளி இரண்டு ரயர்களை எடுத்துக் காட்டினார். இரண்டும் பளபளவென்று கறுப்பாக இருந்தன. "சேர், இது முள்ளே ஏறாத ரயர். மாட்டி வைக்கிறோம், நீங்கள் போய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்" என்றார். நான் படியிறங்கும்போது கடைப் பையன் ஒரு ரயரைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணை, இது இருபத்தேழு" என்று தொடங்கினான். "போட்டு விடு" என்று பதில் வந்தது. இருபத்தேழு என்றால் என்ன என்று அன்று எனக்குத் தெரியாது. திரும்பிப் போய்க் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு ரயர், இரண்டு ரியூப், கூலி எல்லாமாக 11,500 ரூபாய் கொடுத்தேன். புறப்படும்போது முதலாளி ஒரு புத்தி சொன்னார்: "காற்றைக் கூட்டாதீர்கள் சேர், மெதுவாக இருந்தால்தான் கிரவலுக்கு நல்லது." அது உண்மையும்கூட. கல்லென்று இறுகிய ரயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். சற்று மெதுவான ரயர் கல்லின் மேல் அமுங்கி உருளும். என் எடைக்கு 40 மில்லிமீற்றர் ரயரில் முன்னுக்கு 40, பின்னுக்கு 45 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அளவு பொருத்தம். ஓரத்தில் அச்சிட்டிருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவுதான், அவ்வளவு அடிக்க வேண்டும் என்பதல்ல. ஆனால் அவர் இருபதுகூட இல்லாமல் விட்டிருந்தார். ஏன் என்று எட்டாம் நாள்தான் விளங்கியது.

நான்காம் நாளே பின் சக்கரத்தில் நெருஞ்சி முள் ஏறியது. எங்கள் குளக்கட்டில் கோடையில் நெருஞ்சி இல்லாத இடம் இல்லை. முள் ஏறாமல் தடுக்க வேண்டுமானால் ரயரின் மேற்பரப்புக்கு அடியில் தனியாக ஒரு காப்புப் பட்டை இருக்க வேண்டும். ரப்பர் கறுப்பாக மினுங்குவதால் முள் நிற்காது. ஒட்டுப் போடும்போது ஈரத் துணியால் துடைத்தேன். துணியில் எண்ணெய்க் கறுப்பு வந்தது. மினுக்கம் போனதும் பக்கச் சுவர் முழுவதும் மயிர்க்கோடு போல வெடிப்புகள் தெரிந்தன. கடை வாசலில் வெயிலில் மாதக்கணக்காகத் தொங்கும் ரயர்கள் இப்படித்தான் ஆகும். வெயிலும் காற்றும் ரப்பரை வறட்டிவிடும். எண்ணெய் பூசுவது அந்த வெடிப்பை மறைக்க. அதே எண்ணெய் ரப்பரை மேலும் கெடுக்கும். ரயரை வாங்கும் முன் இரண்டு கையாலும் மடித்துப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும்.

எட்டாம் நாள் காலை முன் சக்கரத்துக்கு 45 அடித்தேன். காப்பெற்றில் ஏழு கிலோமீற்றரும் ஏதோ ஒரு ஆட்டம் இருந்தது. வீதியைக் குற்றம் சொல்லிக்கொண்டு போனேன். குளக்கட்டில் மதகுக்குக் கிட்ட ஒரு கல்லில் ஏறி இறங்கியபோது ரயர் ஒரு பக்கமாக றிம்மின் விளிம்பைத் தாண்டியது. ரியூப் வெளியே பிதுங்கி வெடித்தது. நான் கட்டின் சரிவில் விழுந்தேன். திருத்திக் கொடுக்க எடுத்துப்போன மாணவர்களின் கொப்பிகள் தண்ணீர் ஓரம் வரை சிதறிக் கிடந்தன.

வயலில் நின்ற ஒரு ஐயா ஓடி வந்து தூக்கினார். போர்க்காலத்தில் வன்னிக்குள் எரிபொருள் வராத ஆண்டுகளில் சைக்கிள் திருத்திக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர். ரயரை றிம்மோடு ஒரு பக்கம் அழுத்தினார். மறுபக்கம் பேனா நுழையும் அளவுக்கு இடைவெளி. "தம்பி, இந்த ரயர் இந்த றிம்முக்குச் சொந்தம் இல்லை" என்றார். விலைச்சீட்டு ஒன்று ரயரின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். அதன் கீழே 27 × 1 3/8 என்றும் 37-630 என்றும் இருந்தது. பின் ரயரில் 40-622.

நம்மை ஏமாற்ற உதவுவது இந்த அளவுக் குழப்பம்தான். 37-630 என்றால் அகலம் 37 மில்லிமீற்றர், ரயரின் உள்விளிம்புக் கம்பி றிம்மில் அமரும் இடத்தின் விட்டம் 630. இரண்டாவது எண்ணில் ஒரு மில்லிமீற்றர்கூடப் பேரம் கிடையாது. என் சைக்கிள் 700சி வகை (இதையும் கடைகளில் இருபத்தெட்டு என்பார்கள்), அதாவது 622. 29 அங்குல மலைச் சைக்கிளும் அதே 622தான். ஜப்பானிலிருந்து பழையதாக வரும் பல சைக்கிள்கள் 27 × 1 3/8, அது 630. நம் அப்பாமார் ஓட்டிய பெரிய சைக்கிள் 28 × 1 1/2, அது 635. கண்ணுக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். 26 அங்குலத்திலும் இதே கதை: மலைச் சைக்கிளின் 26 × 1.95 என்றால் 559, பெண்கள் ஓட்டும் 26 × 1 3/8 என்றால் 590. எட்டு மில்லிமீற்றர் விட்டம் கூடினால் சுற்றளவில் 25 மில்லிமீற்றர் தளர்வு. காற்றுக் குறைவாக இருக்கும்வரை அந்தத் தளர்வு தெரியாது. காற்றைக் கூட்ட வேண்டாம் என்று முதலாளி சொன்னதன் காரணம் இதுதான்.

மறுநாள் கட்டுப் போட்ட கையுடன் கடைக்குப் போனேன். "இருபத்தெட்டும் இருபத்தேழும் ஒன்றுதான் சேர், நீங்கள் காற்றைக் கூட்டிவிட்டீர்கள்" என்றார். விலைச்சீட்டு எப்படிச் சரியாக அந்த எண்ணின் மேல் வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. பற்றுச்சீட்டைக் காட்டினேன். அதில் 'ரயர் 2' என்று மட்டும் இருந்தது. ஓடிய பொருளைத் திருப்பி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பையன் தலை நிமிரவில்லை; அவனைக் குறை சொல்ல மாட்டேன், சொல்ல முயன்றவன் அவன் மட்டும்தான்.

ஆகவே ரயரை உங்கள் கண் முன்னால் மாட்டச் சொல்லுங்கள். பழைய ரயரின் மூன்று இலக்க எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போய், புதியதில் அதே எண்ணைத் தேடுங்கள்; சீட்டு ஒட்டியிருந்தால் உரித்துப் பாருங்கள். மாட்டிக் காற்றடித்த பிறகு சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். ரயரின் பக்கச் சுவரில், றிம்முக்குச் சற்று மேலே, மெல்லிய கோடு ஒன்று ஓடும். அது சுற்றிலும் றிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மேலேறி இன்னோரிடத்தில் மறைந்தால் அந்தச் சைக்கிளில் ஏற வேண்டாம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சீட்டில் 40-622 என்று அளவையும் எழுதி வாங்குங்கள். அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து என் முறைப்பாட்டைச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு ஆசிரியர்கள் அதே கடையில் இந்த ஆண்டு ரயர் மாற்றியிருந்தார்கள். கடந்த திங்கட்கிழமை இடைவேளையில் மூவரும் சைக்கிள் தரிப்பிடத்தில் குந்தியிருந்து எண்களைப் பார்த்தோம். ஒருவருடையது சரி. மற்றவர் தினமும் தன் மகளை முன் கம்பியில் இருத்தி வருபவர். அவருடைய 622 றிம்மில் இருந்ததும் 630தான். அங்கேயே கழற்றினோம். அன்று அவர் மகளோடு பஸ்ஸில் வீடு போனார்.