டிஜிட்டல் பியானோவோடு தூக்கிக்கொண்டு போக ஒரு ஸ்டீரியோ ஆம்ப்: எந்த ஐசி, எத்தனை பெட்டி?

பியானோவின் சொந்த ஸ்பீக்கர் போதவில்லை என்று தோன்றியதும் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட் வேண்டும்?" என்றுதான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். இரண்டு ஆம்ப் கட்டி, வெவ்வேறு பெட்டிகளில் மாட்டி, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கேட்ட பிறகு சொல்கிறேன்: வாட் கணக்கைவிட ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியும் (ஒரே வாட்டுக்கு அது எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது), இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே விடுகிற தூரமும்தான் பெரிய வித்தியாசம் காட்டுகின்றன.

சரி, ஒலியைப் பெருக்கும் சிப்பான ஐசியைப் பார்த்துவிடுவோம். எல்எம்386 பழகுவதற்கு அருமையானது, ஆனால் 9 வோல்ட்டில் ஒரு வாட்டைக்கூடத் தொடாது. பிஏஎம்8403 ஐந்து வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3 வாட் தரும், ஆனால் அது 10 சதவீத டிஸ்டார்ஷனோடு (ஒலிச் சிதைவோடு) சேர்த்துச் சொல்லும் 3 வாட். பியானோவில் ஒரு கீயை ஓங்கி அடித்தால் தொடக்கத்தில் எழும் உச்சம் சராசரி ஒலியைவிடப் பல மடங்கு இருக்கும், இந்த மாதிரி ஐசிகள் சரியாக அந்த இடத்தில்தான் கரகரக்கும். இரண்டுமே வேண்டாம்.

உண்மையான போட்டி டிடிஏ7297க்கும் டிபிஏ3116க்கும்தான். முன்னது கிளாஸ் ஏபி (சிக்னலைத் தொடர்ச்சியாகப் பெருக்கும் வகை), 16.5 வோல்ட்டில் 8 ஓமுக்கு ஒரு பக்கம் 15 வாட் தரும். சுற்றிலும் சில பாகங்கள் போதும், கால்கள் பெரியவை, வீட்டிலேயே சாலிடர் வைத்து முடித்துவிடலாம். ஒலியும் நன்றாகவே இருக்கும். குறை வெப்பத்தில் இருக்கிறது. கிளாஸ் ஏபி ஆம்ப், உச்ச சக்தியில் பத்தில் ஒரு பங்கில் ஓடும்போது அதன் திறன் கணக்குப்படியே கிட்டத்தட்ட 25 சதவீதம்தான். நாம் பெரும்பாலான நேரம் வாசிப்பதும் அந்த அளவில்தானே? அதாவது பேட்டரியில் இருந்து எடுப்பதில் முக்கால் பங்கு ஹீட்சிங்கைச் சூடாக்கவே போய்விடுகிறது. டிபிஏ3116 கிளாஸ் டி (அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து பெருக்கும் வகை) என்பதால் இந்த வீணடிப்பு மிகக் குறைவு. இன்னொன்று, டிடிஏ7297க்கு 18 வோல்ட்தான் வரம்பு, கையில் இருக்கும் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை அதில் செருகக் கூடாது. டிபிஏ3116 26 வோல்ட் வரை தாங்கும். அதே குடும்பத்து டிபிஏ3118 வெப்பத்தைப் போர்டு வழியாகவே இறக்கிவிடும், நம் வேலைக்கு அதுவே போதும்.

ஆனால் டிபிஏ3116 போர்டை வாங்கியபடியே மாட்டினால் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. பெடலை அழுத்தி ஒரு கார்டை மெதுவாக வாசித்து, அது தேய்ந்து அடங்கும் வரை காதைக் கொடுத்துக் கேளுங்கள். கடைசியில் நாதம் போய் "இஸ்ஸ்" என்ற இரைச்சல் மட்டும் மிஞ்சினால், கெயின் (உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் பெருக்கும் அளவு) அதிகம் என்று அர்த்தம். இந்த ஐசிக்கு 20, 26, 32, 36 டெசிபல் என நான்கு நிலைகள் உண்டு, இரண்டு ரெசிஸ்டர்கள்தான் அதை முடிவு செய்கின்றன. பியானோவின் லைன் அவுட் (வெளி ஆம்ப்புக்குத் தரும் சிக்னல்) ஏற்கெனவே வலுவானது, 20 போதும். அந்தக் குட்டி ரெசிஸ்டர்களை மாற்றிய பிறகு என் ஆம்ப்பில் நோட்டு கடைசி வரை சுத்தமாகத் தேய்கிறது.

இரண்டு ஐசியிலும் அவுட்புட் பிரிட்ஜ் முறை, அதாவது ஸ்பீக்கரின் இரண்டு கம்பியையும் ஆம்ப்பே இயக்கும். ஸ்பீக்கரின் மைனஸ் கம்பியைக் கிரவுண்டில் சேர்க்கவே கூடாது, இரண்டு சேனல் மைனஸையும் ஒன்றாக முடிச்சுப் போடவும் கூடாது.

இப்போது வாட் கணக்குக்கு வருவோம். நான்கு லித்தியம் செல் தொடராக வைத்தால் 14.8 வோல்ட், அதில் 8 ஓமுக்கு அதிகபட்சம் 13 வாட் சொச்சம் கிடைக்கும். குறைவு போலத் தெரியும். ஆனால் வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். 84 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், ஆம்ப்பை நான்கு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம், அதுவும் பேட்டரியைத் தொடாமலேயே! கையில் இருக்கும் பணத்தைத் தாராளமாக ஸ்பீக்கரில் போடுங்கள்.

பியானோவின் கடைக்கோடி 'ஏ' 27.5 ஹெர்ட்ஸ். ஐந்து அங்குல ஸ்பீக்கர் அதை எட்டாது, எட்டவும் வேண்டியதில்லை, மேலே உள்ள ஹார்மோனிக்ஸை (அந்த அதிர்வெண்ணின் மடங்குகளை) வைத்துக் காது அந்தச் சுருதியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அதனால் போர்ட் (காற்று போய்வரும் குழாய்த் துளை) வைத்த பெட்டியா, மூடிய பெட்டியா என்றால் நான் மூடியதையே சொல்வேன். போர்ட் தாழ்வொலியைத் தூக்கிக் கொடுக்கும், ஆனால் சின்னப் பெட்டியில் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் இடது கையில் ஏதோ ஒரு நோட்டு மட்டும் "பொம்" என்று தனியாக வீங்கும். மூடிய பெட்டியில் தாழ்வொலி குறைந்தாலும் எல்லா நோட்டும் சீராக இறங்கும்.

அடுத்து ஒரு பெட்டியா, இரண்டா? தூக்கிப்போக ஒன்றுதான் சுகம். ஆனால் ஸ்டீரியோவில் பதிவு செய்த பியானோவில் இடது, வலது மைக்குகளுக்கு ஒலி சேரும் நேரமே வேறு. இரண்டையும் மோனோவாகக் கலந்தால் சில அதிர்வெண்கள் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும், நடு ஸ்தாயி மெலிந்து டப்பாவுக்குள் இருந்து வருவது போல ஆகிவிடும். ஒரே பெட்டியில் இரண்டு ஸ்பீக்கரை அருகருகே வைத்தால் மோனோ அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் அகலம் சுருங்கிவிடும். இரண்டு சின்னப் பெட்டிகளாகச் செய்து கீபோர்டின் இரு முனையிலும் வைத்தபோது, கை போகும் திசையிலேயே ஒலியும் நகர்ந்தது. எனக்கு அந்த இடத்திலேயே விவாதம் முடிந்துவிட்டது. கட்டாயம் ஒரே பெட்டிதான் என்றால் ஸ்பீக்கர்களை வெளிப்பக்கம் பார்த்துச் சாய்த்து வையுங்கள்.

பேட்டரியா, அடாப்டரா என்பதை ஹம்மிங்தான் தீர்த்து வைத்தது. பியானோவும் ஆம்ப்பும் தனித்தனி அடாப்டரில் ஓடியபோது ஆடியோ கேபிளின் கிரவுண்ட் வழியே ஒரு வளையம் உருவாகி, அடியில் ஓயாத ரீங்காரம். ஆம்ப்பின் அடாப்டரைப் பிடுங்கிப் பேட்டரிக்கு மாற்றியதும் அது அந்த நொடியே நின்றது. செல்களோடு அவற்றைப் பாதுகாக்கும் பிஎம்எஸ் போர்டும், பாசிட்டிவ் கம்பியில் செல்லுக்கு மிக அருகிலேயே ஒரு ஃபியூஸும் போட்டபிறகுதான் பெட்டியை மூடினேன்.