ஹேஸ்பரோ கடற்கரை நடை: காலடி இல்லை, ஆனாலும் போகலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே பார்க்கக் காலடி எதுவும் இல்லை. 2013 மே மாதம் அலை மணலை அரித்துக்கொண்டு போனபோது வெளியே தெரிந்த, எட்டரை லட்சம் ஆண்டுக்கும் மேல் பழைய ஆதிமனிதர்களின் சுமார் 50 காலடிகளும் இரண்டு வாரத்துக்குள் கரைந்துபோயின. இது தெரிந்தேதான் இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையிலுள்ள ஹேஸ்பரோ ஊரில் நடக்கும் இந்த அரைநாள் நடைக்கு மகளோடு பதிவு செய்தேன். (ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் ஹாப்பிஸ்பர்க் என்று வரும். அப்படிக் கேட்டு ஒருவரைச் சிரிக்க வைத்தேன்.)

வழிகாட்டியாக வந்த பெண்மணி கெட்டிக்காரர். ஈர மணலில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்தார். அப்போது எடுத்த போட்டோக்களிலிருந்து அசல் அளவில் அச்சிட்ட காலடி. இருந்ததிலேயே பெரியது, இங்கிலாந்து ஷூ அளவில் 8. என் சைஸும் அதுதான். ஷூவைக் கழற்றிக் காலை வைத்தேன், பொருந்தியது. சின்னப் பாதங்களும் இருந்தனவாம், பிள்ளைகுட்டியோடு போயிருக்கிறார்கள்.

“வயசு எப்படித் தெரியும்?” என்றாள் மகள். கொடுத்த காசு அந்தப் பதிலுக்கே தகும். வண்டல் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் பூமியின் காந்தத் திசையில் நின்றுவிடும். இங்கே அந்தத் திசை தலைகீழ். பூமியின் காந்தம் கடைசியாகப் புரண்டது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன், ஆகவே இந்த வண்டல் அதற்கும் மூத்தது. விலங்கு எலும்பு, மகரந்தம் எல்லாம் சேர்த்துப் பார்த்து 8.5 முதல் 9.5 லட்சம் ஆண்டு என்கிறார்கள். அப்போது தேம்ஸ் நதி இந்தப் பக்கம்தான் ஓடியது. பிரிட்டன் ஐரோப்பாவோடு ஒட்டியிருந்ததால் நடந்தே வந்துவிட்டார்கள்.

ஆனால் காலடி பதித்தவர்கள் ‘ஹோமோ ஆன்டிசெஸ்ஸர்’ என்ற அழிந்துபோன மனித இனம்தான் என்று வழிகாட்டி அடித்துச் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. ஹேஸ்பரோவில் மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஸ்பெயினின் அட்டபுவெர்காவில் கிடைத்த அந்த இனத்தின் எலும்புகளை வைத்துச் செய்யும் ஊகம் அது. ஊகம் என்றே சொல்லியிருக்கலாம்.

இன்னொரு குறை, 40 நிமிடம் தாமதமாகக் கிளம்பினோம். அதற்குள் கடல் ஏறிவிட்டது. 2010இல் அறிவித்த எழுபதுக்கும் மேற்பட்ட சிக்கிமுக்கிக் கல் கருவிகள் கிடைத்த இடத்தைத் தூரத்திலிருந்து கைகாட்டியதோடு சரி.

போகிறவர்கள் ஓதநேரத்தைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள், சரியக்கூடிய கரையோர மண்மேட்டின் அடியில் நிற்காதீர்கள். அப்புறம், ரப்பர் பூட்ஸ். மகளின் கான்வாஸ் ஷூவில் அந்தச் சாம்பல்நிறச் சேறு இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.