லூப் ஸ்விட்சரோடு நான்கு வருடங்கள்

கிட்டார் ஒலியை மாற்றும் பெடல்களை அடுக்கிய என் பலகையில் (பெடல்போர்டு) எட்டு லூப் ஸ்விட்சர் ஒன்று வந்து நான்கு வருடம் ஆகிறது. லூப் என்பது ஒரு பெடலைச் செருகும் தனிப்பாதை; எந்தெந்தப் பாதை திறக்க வேண்டும் என்பதை ஸ்விட்சர் ஒரே மிதியில் மாற்றும். வாங்கக் காரணம் ஒரே ஒரு பாட்டு. சரணத்தில் கோரஸ் பெடலும் (ஒலியைத் தடிமனாக்குவது) டிலேயும் (எதிரொலி தருவது) வேண்டும், அடுத்த வரியில் இரண்டும் அணைந்து டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குவது) மட்டும் ஒலிக்க வேண்டும். பாடிக்கொண்டே மூன்று பெடல்களை ஒரே தாளத்துக்குள் மிதிப்பது நடக்கிற காரியமில்லை. ஸ்விட்சர் வந்த பிறகு ஒரே மிதிதான். அந்த வேலையை முதல் நாளே சரியாகச் செய்தது, இன்றும் செய்கிறது.

ஆனால் இத்தனை வருடத்தில் அதிக நேரம் எடுத்தது மிதிப்பது அல்ல, எதற்கு அடுத்து எது என்ற வரிசைதான். குறிப்பாக, பஃபர் (நீளமான கேபிளில் சிக்னல் தேயாமல் தாங்கும் சிறு மின்சுற்று) எங்கே இருக்கிறது என்பது.

கிட்டார் பிக்கப்பிலிருந்து (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) வரும் சிக்னல் பலவீனமானது, நீளமான கேபிள் அதன் மேல்சுருதிகளைத் தின்றுவிடும். அதற்குக் காரணம் கேபிளின் மின்தேக்கம்: சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் இருக்கும். கிட்டாரிலிருந்து போர்டுக்கு 6 மீட்டர், அங்கிருந்து ஆம்புக்கு 6 மீட்டர், நடுவில் பேட்ச் கேபிள்கள் ஒரு 3 மீட்டர் என்றால் மொத்தம் 1500 பிகோஃபாரட். எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸாக (அணைத்தால் சிக்னலை எதுவும் செய்யாமல் நேராகக் கடத்தும் வகை) இருந்தால், அத்தனையையும் அணைத்து வைத்தாலும் பிக்கப் இந்தச் சுமை முழுவதையும் இழுக்க வேண்டும். என் பழைய போர்டில் ஒலி மூடிய அறைக்குள்ளிருந்து வருவது போல இருந்ததற்குக் காரணம் இதுதான். பாஸ் (Boss) நிறுவனத்தின் சிறிய பெடல்களில் பெரும்பாலானவை அணைத்திருக்கும்போதும் பஃபராக வேலை செய்கின்றன. அதைக் குறை என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

சரி, அப்படியானால் பஃபரை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துவிடலாமே? ஃபஸ் பெடல் (ஒலியை மிகக் கடுமையாகக் கரகரக்கவைப்பது) இருந்தால் வைக்க முடியாது. பழைய பாணி ஃபஸ்ஸுக்குப் பிக்கப்போடு நேரடித் தொடர்பு வேண்டும். நடுவில் பஃபர் வந்தால் ஒலி கூர்மையாகி, காதைக் குத்தும். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் ஃபஸ் அழகாகத் தெளியுமே, அதுவும் போய்விடும். எனக்கு அந்தத் தெளிவுதான் உயிர். என் ஸ்விட்சரில் உள்ளீட்டுப் பஃபரைத் தனியாக அணைக்க முடிந்தது பெரிய நிம்மதி. முதல் லூப்பில் ஃபஸ், அப்புறம் வா-வா (wah) பெடல், பிறகு டிரைவ்கள், வெளியீட்டுப் பஃபர் எப்போதும் இயக்கத்தில். வாங்குவதற்கு முன் லூப் எண்ணிக்கையைவிட இந்த ஒரு வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

டிலே விஷயத்தில் முதல் வருடம் சிரமப்பட்டேன். லூப்பில் இருக்கும் டிலேயை அணைத்தால், தேய்ந்து மறைய வேண்டிய எதிரொலி கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். இப்போது டிலேயையும் ரிவெர்பையும் (அறை முழக்கம் தருவது) லூப்புக்கு வெளியே எடுத்துவிட்டு மிடி (கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) மூலம் மட்டும் இயக்குகிறேன். பெடலிலேயே டிரெயில்ஸ் வசதி இருப்பதால் எதிரொலி தானாக அடங்குகிறது. ஒரு எச்சரிக்கை: மிடியில் ப்ரோகிராம் எண்கள் 0 முதல் 127 வரை, சில கருவிகளோ 1 முதல் 128 வரை என்று காட்டும். அனுப்பியது ஒன்று, திறந்தது பக்கத்து ப்ரீசெட் (சேமித்து வைத்த அமைப்பு) என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

டிலேயை ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்புக்கு, அதாவது ஆம்பின் டிரைவுக்குப் பிறகு வரும் இணைப்புக்குக் கொண்டுபோய் நான்கு கேபிள் முறையையும் முயன்றேன். ஆம்பின் டிரைவைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒலி வித்தியாசம் உண்மையிலேயே பெரிது, எதிரொலி குழம்பாமல் தனியாக நிற்கும். கூடவே கிரவுண்ட் லூப் இரைச்சலும் (கருவிகளுக்கிடையே தரையிணைப்பு இரண்டு வழியாக அமைவதால் எழுவது) வந்தது. ஆம்பிலிருந்து சிக்னல் வெளியே வரும் சென்ட் பக்கம் ஒரு டிரான்ஸ்பார்மர் ஐசொலேட்டர் வைத்ததும் போனது.

மின்சாரத்துக்கு ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை அவசியம். டிஜிட்டல் டிலே 300 மில்லிஆம்பியர் கேட்கும், பழைய ஃபஸ்ஸுக்கு ஒரு சில மில்லிஆம்பியரே போதும். இரண்டையும் ஒரே வயரில் கோத்தால் மெல்லிய கீச்சொலி கேட்கும். பாசிட்டிவ் கிரவுண்ட் (பாசிட்டிவ் முனையே தரையாக இருக்கும்) ஜெர்மானியம் ஃபஸ் என்றால் கட்டாயம் தனி வெளியீடு.

ஸ்விட்சரின் இன்னொரு பலன் பழுது பார்க்கும்போது தெரிந்தது. ஒரு நிகழ்ச்சிக்கு முன் ஒலி விட்டுவிட்டு வந்தது. லூப்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன், ஐந்தாவதில் சத்தம் அறுந்தது, அந்தப் பேட்ச் கேபிளை மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பயிற்சியில் ப்ரீசெட் முறையைவிட ஒவ்வொரு லூப்பையும் தனியாக இயக்குவதே எனக்குப் பிடிக்கும், புதிய சேர்க்கைகள் அப்படித்தான் கிடைக்கின்றன. மூன்று நான்கு பெடல்தான் என்றால் ஸ்விட்சரே வேண்டாம், ஒரு நல்ல பஃபர் போதும்.

என்னை இன்னும் உறுத்துவது ஒன்றுதான். ஸ்விட்சருக்கு மின்சாரம் நின்றால் என் போர்டில் எதுவுமே ஒலிக்காது. அதனால் கிட்டாரிலிருந்து நேராக ஆம்புக்குப் போகும் அளவுக்கு நீளமான கேபிள் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். இரண்டு முறை எடுக்க வேண்டி வந்தது.