மகனுக்குக் காதில் கிரோமெட்: டாக்டருக்கு ஐந்து ஸ்டார், ஆஸ்பத்திரிக்கு இரண்டரை

ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள். குழந்தைக்குக் காதில் கிரோமெட் என்ற குட்டி ட்யூப் வைக்க வேண்டும் என்று கேட்டுப் பதறிப்போய் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பையனுக்கு ஐந்து வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான், டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கும். காது வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை, அதனால் சேட்டை என்றே நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இ.என்.டி. டாக்டர் டிம்பனோமெட்ரி எடுத்தார். காதில் லேசாகக் காற்றழுத்தம் கொடுத்து, செவிப்பறை அசைகிறதா என்று பார்ப்பது, வலிக்காது. கிராஃபில் குன்று மாதிரி ஏறி இறங்க வேண்டிய கோடு தட்டையாகக் கிடந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துப் பசை மாதிரி ஆகிவிட்டதாம். மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையாக, படுத்தவாக்கில் இருப்பதால் சரியாக வடியாது. இவரை எனக்குப் பிடித்துப்போனதே அடுத்து சொன்னதில்தான்: பெரும்பாலும் தானே வற்றிவிடும், மூன்று மாதம் பொறுங்கள், ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். மூன்று மாதம் கழித்தும் கோடு அப்படியே இருந்தது. அப்புறம்தான் கிரோமெட், மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் வீங்கியிருந்ததால் அதையும் சேர்த்தே எடுத்தார்.

ஆபரேஷன் நாள்தான் சோதனை. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லிவிட்டு உள்ளே கூப்பிட்டது பன்னிரண்டரைக்கு, கீழே கேன்டீனிலிருந்து தோசை வாசனை வேறு, தண்ணீராவது கொடுக்கலாமா என்றால் நர்ஸ் ஒன்று சொல்கிறார், கவுன்டரில் வேறு சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகளை முதலில் எடுத்தால் என்ன?

காதுக்கு வெளியே வெட்டு, தையல் எதுவும் இல்லை. முழு மயக்கத்தில் காதுத் துவாரம் வழியாகவே செவிப்பறையில் சின்னதாகக் கீறி, நீரை உறிஞ்சிவிட்டு ட்யூபைச் செருகுகிறார்கள். சாயங்காலமே வீடு வந்துவிட்டோம். மறுநாள் பழக்க தோஷத்தில் சமையலறையிலிருந்து "டேய், பால் ஆறுது!" என்று கத்தினேன். "எதுக்கும்மா கத்துற?" என்றான்.

டிஸ்சார்ஜ் சீட்டில் குளிப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. நானே போன் போட்டுக் கேட்ட பிறகுதான் வாசலின் தடவிய பஞ்சு வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒருமுறை சீழ் வடிந்தது, சொட்டு மருந்தில் நின்றது. வலது ட்யூப் இன்னும் உள்ளே இருக்கிறது. இடது எட்டாம் மாதம் தானே கழன்று காது அழுக்கோடு ஒட்டிக்கிடந்ததை டாக்டர் எடுத்துக் கையில் கொடுத்தார், அரிசியில் பாதிகூட இல்லை. அதைப் பென்சில் டப்பாவில் போட்டு ஸ்கூலுக்குக் கொண்டுபோய் எல்லோரிடமும் காட்டிவிட்டான்.