டாக் ஷோ ஹேண்ட்லிங் கிளாஸ்: காசு குடுத்து போலாமா?

ஷோவுக்கு நாய் கொண்டு போறவங்களுக்கு தெரியும், விடியறதுக்கு முன்னாடி கிளம்பி கூண்டு, தண்ணி, சேர் எல்லாம் வண்டில ஏத்திட்டு போயி மதியம் வரைக்கும் தேவுடு காத்தா ஜட்ஜ் பாக்கற ரிங்குக்குள்ள நிக்கறது என்னமோ ரெண்டு மூணு நிமிஷம் தான். அதுலயும் வெறுங்கையோட திரும்புனா அடுத்த என்ட்ரிக்கு பணம் கட்டவே கை வராது. அந்த சலிப்புல இருந்தப்பதான் சென்னைல வாரக்கடைசில நடக்கற ஒரு ஹேண்ட்லிங் கிளாஸ்ல, அதாவது ரிங்ல நாய எப்படி நிக்க வச்சு, ஓட வச்சு காட்டறதுன்னு சொல்லித்தர்ற கிளாஸ்ல சேர்ந்தேன்.

நம்மளது சிப்பிப்பாறை, ஒல்லி உடம்பு நாட்டு நாய். (எலும்பு தெரியுதே, சோறு போடறதில்லையான்னு தெருவுல கேக்காத ஆள் இல்ல.) வேட்டை நாய்ங்கறதால வெளியாள் கை பட்டா பின்னாடி நெளியும், ஜட்ஜ் உதட்டை தூக்கி பல்லு பாக்கற இடத்துலயே எங்க கதை முடிஞ்சிரும். கிளாஸ்ல இதுக்குதான் நெறைய நேரம் குடுத்தாங்க. மத்த ஓனருங்க ஒவ்வொருத்தரா ஜட்ஜ் மாதிரி வந்து, மொதல்ல புறங்கைய மோந்து பாக்க விட்டு, அப்புறம் தாடை, தோள், முதுகுன்னு தடவிட்டு போவாங்க, அசையாம நின்னா ஒடனே ஒரு துண்டு வேகவச்ச ஈரல். ஸ்டாக் பண்றப்ப (ஜட்ஜ் பாக்க நாலு காலையும் சரியா வச்சு நிக்க வைக்கறது) பின்னங்கால பாதத்த புடிச்சு இழுக்காம ஹாக் கிட்ட, அதாவது பின்னங்கால் கணுக்கால் மூட்டு கிட்ட புடிச்சு வச்சா செங்குத்தா நிக்குது, சட்டுனு மாத்தவும் மாத்தாது.

எனக்கு ரொம்ப புடிச்சது, ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னாடி ரிப்பன் தவிர என்ன வேணும்னு மாஸ்டர் கேப்பாரு. "ஜட்ஜ் தொடும்போது வாலு உள்ள போகக்கூடாது"ன்னு சொன்னேன், போன தடவை போகல, பிளேஸ் கிடைக்கலன்னாலும் சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன். யோசிச்சா அதான் நியாயம், நாட்டு நாய் ரிங்ல சில சமயம் நம்ம நாய் ஒண்ணுதான் நிக்கும், அப்ப கெடைக்கற ஃபர்ஸ்ட்ட வச்சு நாயப்பத்தி என்ன தெரிஞ்சுக்கறது?

கொறையும் இருக்கு. குரூமிங் பாடம் முழுக்க ஷிட்சு, கோல்டன் மாதிரி நீள முடி நாய் வச்சிருக்கறவங்களுக்குதான், நமக்கு ஈரத்துணியும் நகவெட்டியும் போதும், அந்த நேரம் தண்டம். ஓட வைக்கறது சிமெண்ட் தரைல, சாயங்கால பேட்ச்லயும் சூடு எறங்கியிருக்காது. பீஸ் மொத்தமா முன்னாடியே கட்டணும், லீவு போட்டா கழிக்க மாட்டாங்க.

புதுசா ஷோவுக்கு வர்றவங்க, பாதில விட்டுறலாமான்னு யோசிக்கறவங்க தாராளமா சேரலாம். குளிர்கால ஷோ சீசனுக்கு முன்னாடியே சேருங்க, காலை பேட்ச் கேட்டு வாங்குங்க, ஈரல் நீங்களே கொண்டு போங்க, அங்க விக்கற ட்ரீட் யானை விலை.