நேராகத் தொங்காத பட்டருக்கு 46,500 ரூபாய்

46,500 ரூபாய். ஓய்வூதியக்காரனின் பணம். கோல்ஃப் பந்தைக் குழிக்குள் உருட்டும் 'பட்டர்' என்ற கோலுக்குப் போனது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கொழும்பில் வேலை செய்த காலத்தில் கோல்ஃப் பழகினேன். யாழ்ப்பாணத்தில் அதற்கு மைதானம் இல்லை; வருடத்தில் இரண்டு தடவை திருகோணமலை சீனன்குடாவுக்குப் போய் ஆடுகிறேன். (வீட்டில் பட்டர் என்றால் இன்னும் பாணுக்குப் பூசுவதுதான்.) குழியைச் சுற்றியுள்ள புல்தரையின் சரிவு என் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அதற்கு ஒரு வழி உண்டு. பந்துக்குப் பின்னால் நின்று, பட்டரை இரண்டு விரலால் தூக்குக்குண்டு போலத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி, தண்டின் கீழ்ப்பகுதியால் பந்தை மறைக்க வேண்டும். குழி தண்டுக்கு வலப்பக்கம் தெரிந்தால் தரை வலப்பக்கம் தாழ்கிறது.

நகரில் விளையாட்டுப் பொருள் விற்கும் ஒரு கடை, இதற்கென்றே நிறை போட்டுச் செய்த பட்டர் என்று முகநூலில் விளம்பரம் போட்டிருந்தது. போனேன். இருக்கை தந்தார்கள், தேநீர் தந்தார்கள். "எப்பக்கம் திருப்பினாலும் செங்குத்தாகத் தொங்கும் ஐயா, என் அப்பாவுக்கென்றால் இதைத்தான் வாங்குவேன்" என்றான் அந்தத் தம்பி. கதவு நிலைக்கு நேரே தொங்கவிட்டுக் காட்டினான். நிலையும் தண்டும் ஒட்டினாற்போல நின்றன. அந்த 'அப்பா'வில் விழுந்தேன். பக்கவாட்டில் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. நூலில் கட்டிய ஒரு குண்டையும் இலவசமாகத் தந்து, போட்டியிலும் பாவிக்கலாம் என்றான்.

மறுநாள் மதில் கட்ட வந்த மேசன் தன் தூக்குக்குண்டை அதன் அருகே பிடித்தார். "முன்னால் நேர், பக்கத்தில் சரிவு. இதை நம்பி மதில் கட்டினால் விழும் ஐயா." தலையின் பாரம் தண்டுக்கு ஒரு பக்கமாக இருக்கிறது. ஆகவே ஒரு கோணத்தில் மட்டும் நேராகத் தெரியும். சாதாரண பட்டரும் அப்படித்தான். அந்தக் கோணத்தைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தால் போதும். பரணில் கிடக்கும் என் பழைய பட்டரே செய்யும் வேலைக்கு 46,500 ரூபாய்!

தொலைபேசியில் அழைத்தேன். முதலாளி கொழும்பில் என்றார்கள். நேரில் போனேன். சாப்பாட்டுக்குப் போய்விட்டாராம். மூன்றாம் தடவை அதே தம்பி, "கண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள்" என்றான். தேநீரும் இல்லை, 'ஐயா'வும் இல்லை. பற்றுச்சீட்டில் 'விளையாட்டுச் சாமான்' என்று மட்டும் எழுதியிருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு: தொங்கவிட்டு நான்கு பக்கமும் பாருங்கள். பொருளின் பெயரும் மாதிரியும் எழுதாத பற்றுச்சீட்டை வாங்காதீர்கள். நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிட அவை எழுதிய சீட்டு வேண்டும். ஆட்டத்தில் பட்டரைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம், குண்டு நூலைத் தொங்கவிட்டால் தண்டம். இந்த முறையே கால் நிற்கும் இடத்துச் சரிவைத்தான் காட்டும், வழி முழுவதையும் அல்ல. அதையும் அவன் சொல்லவில்லை.

மேசன் பிடித்துக் காட்டியதைப் படமெடுத்து இன்று காலை அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள். பதில் இல்லை.